கோலமும் தாளமும் கூத்தும்: அன்றாடப் பாடத்துக்குள் கலை

பள்ளியில் கலை என்று பேசும்போது அச்சொல் சுட்டும் செயல்கள் ஒன்றல்ல. ஓவியம், இசை, கைவினை ஆகியவற்றுக்குத் தனிப் பாடவேளை ஒதுக்கி, அத்துறையில் பயிற்சி பெற்றவரைக் கொண்டு கற்பிப்பது கலைக்கல்வி. ஆண்டு விழாவிலும் போட்டிகளிலும் மாணவர்கள் மேடையேறுவது கலைநிகழ்ச்சி. தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் 2022-23 கல்வியாண்டு முதல் நடைபெற்றுவரும் கலைத் திருவிழா இவ்வகையைச் சேர்ந்தது. கணக்கு, அறிவியல், வரலாறு, மொழி ஆகியவற்றில் உள்ள ஒரு கருத்தை, ஒரு கலைவடிவத்தைச் செய்துபார்ப்பதன் வழியாகவே மாணவர் கண்டடையுமாறு பாடவேளையை அமைப்பது இவ்விரண்டிலிருந்தும் வேறானது. கல்வித்துறை ஆவணங்களில் இதற்குக் ‘கலை ஒருங்கிணைந்த கற்றல்’ என்ற பெயர் நிலைத்துவிட்டது. இந்த இயல் அதைப் பற்றியது. பாட ஆசிரியர் ஓவியராகவோ பாடகராகவோ இருக்கவேண்டிய தேவை இதில் இல்லை என்பதையும், ஆனால் தம் பாடத்தின் கருத்தை அவர் மிகத் துல்லியமாக அறிந்திருக்கவேண்டும் என்பதையும் தொடக்கத்திலேயே சொல்லிவிடுவது நல்லது.

இக்கருத்து புதியதன்று. இரவீந்திரநாத் தாகூர் 1901-இல் சாந்திநிகேதனில் தொடங்கிய பள்ளியில் பாட்டும் நாடகமும் ஓவியமும் படிப்போடு கலந்தே இருந்தன. 1919-இல் அங்கே உருவான கலாபவனத்தில் பயின்ற தேவி பிரசாத், பின்னர் காந்தியின் சேவாகிராமத்தில் கலை ஆசிரியராகப் பணியாற்றி, கல்விக்குக் கலையே அடித்தளம் என்ற கருத்தை விரிவாக எழுதினார். தேசியக் கலைத்திட்டம் 2005, கலைகளுக்கெனத் தனி ஆய்வுக்குழு அமைத்து, பிற பாடங்களோடு அவற்றை இணைக்கப் பரிந்துரைத்தது. மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் 2019-இல் தன் பள்ளிகளில் கலை ஒருங்கிணைப்பைக் கட்டாயமாக்கியது. தமிழ்நாட்டில் 2022-23-இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் தொடக்க வகுப்புகளில் பாடலையும் கதையையும் பொம்மலாட்டத்தையும் அன்றாடக் கற்பித்தலுக்குள் கொண்டுவந்தது. ஆக, ஆணைகளுக்கும் பரிந்துரைகளுக்கும் குறைவில்லை. நாற்பது பேர் அமர்ந்திருக்கும் ஆறாம் வகுப்பில், நாற்பது நிமிடத்தில், பாடப்பகுதியையும் முடிக்கவேண்டிய ஆசிரியர் எதை, எந்த இடத்தில், எவ்வாறு செய்வது என்ற விளக்கமே குறைவாக இருக்கிறது.

எது ஒருங்கிணைப்பு, எது ஒப்பனை

ஒளிச்சேர்க்கைக்கு வேண்டிய பொருள்களின் பெயர்களைப் பிரபலமான திரைப்பாடலின் மெட்டில் அமைத்து மாணவர்களைப் பாடவைப்பது பல பள்ளிகளில் நடைபெறுகிறது. அதே மெட்டில் இந்திய மாநிலங்களின் தலைநகரங்களையும் பாடலாம், தனிம அட்டவணையையும் பாடலாம். மெட்டுக்கும் ஒளிச்சேர்க்கைக்கும் உள்ளார்ந்த தொடர்பு எதுவும் இல்லை. இது நினைவில் நிறுத்த உதவும் என்பதால் பயனற்றது என்று தள்ளிவிட முடியாது. ஆயினும் புரிதலை இது உண்டாக்குவதில்லை. மலைகள், ஆறுகளின் படத்தை வண்ணம் தீட்டிச் சுவரில் ஒட்டுவதும், முன்கூட்டியே எழுதப்பட்ட வசனத்தை மனப்பாடமாக ஒப்பிப்பதும் பெரும்பாலும் இதே நிலையில்தான் இருக்கின்றன.

ஒருங்கிணைப்பு என்று சொல்லத்தக்கது, கலைவடிவத்தின் அமைப்பும் பாடக்கருத்தின் அமைப்பும் ஒன்றாக இருக்கும் இடத்தில்தான் நிகழ்கிறது. ஆசிரியர் தம்மையே கேட்டுக்கொள்ளவேண்டிய கேள்வி எளியது: இந்தச் செயலிலிருந்து பாடக்கருத்தை எடுத்துவிட்டு வேறொன்றை வைத்தாலும் செயல் மாறாமல் நடக்குமா? நடக்கும் என்றால் அது ஒப்பனை. கருத்து மாறினால் செயலே குலைந்துபோகும் என்றால் அது ஒருங்கிணைப்பு. இந்தக் கேள்வியை ஏற்றுக்கொண்டால் ஆண்டு முழுவதும், எல்லாப் பாடத்துக்கும் கலையைத் தேடி அலையவேண்டிய சுமை நீங்கிவிடும். எல்லா அலகுகளுக்கும் பொருத்தமான கலைவடிவம் கிடைக்காது; கிடைக்காத இடத்தில் வலிந்து புகுத்துவது பாடத்தையும் கெடுக்கும், கலையையும் கெடுக்கும். கீழே விளக்கப்படும் எடுத்துக்காட்டுகள், அமைப்பு ஒன்றிவரும் இடங்களைக் காணும் பழக்கத்தை வளர்ப்பதற்காகத் தேர்ந்துகொள்ளப்பட்டவை.

கோலத்தில் ஒளிந்திருக்கும் காரணி

புள்ளிகளைத் தொடாமல் அவற்றைச் சுற்றி வளைந்துசெல்லும் கோட்டால் ஆனது சிக்குக் கோலம். சில ஊர்களில் இது நெளிக்கோலம் என்றும் கம்பிக்கோலம் என்றும் வழங்குகிறது. கணக்குப் பாடத்தோடு ஒப்புநோக்கும்போது கோலம் எளிய வீட்டுவேலை என்று எண்ணும் ஆசிரியர்கள், சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகியோர் 1970-களில் கோலங்களின் அமைப்பு விதிகளைக் கணிப்பொறியியலின் மொழியிலக்கணக் கோட்பாட்டுக்குள் கொண்டுவந்து ஆராய்ந்ததை நினைவில் கொள்ளலாம். பள்ளி வகுப்புக்கு அந்த ஆழம் தேவையில்லை. மீப்பெரு பொதுக் காரணியைக் கற்பிக்க ஒரு செவ்வகக் கோலமே போதும்.

ஒரு வரிசைக்கு நான்கு புள்ளியாக மூன்று வரிசை நேர்ப்புள்ளி வைக்கவேண்டும். அடுத்தடுத்துள்ள எந்த இரண்டு புள்ளிகளை எடுத்துக்கொண்டாலும், அவை இடவலமாக இருந்தாலும் மேல்கீழாக இருந்தாலும், அவற்றின் நட்டநடுவில் இரண்டு கோடுகள் குறுக்காக வெட்டிச்செல்லவேண்டும். கோடு சாய்வாக ஓடி, ஓரத்தை அடைந்ததும் வெளிப்புறமாக வளைந்து மீண்டும் உள்ளே திரும்பவேண்டும். இவ்விதிப்படி ஓரிடத்தில் தொடங்கிக் கையெடுக்காமல் வரைந்தால், எல்லாப் புள்ளிகளையும் சுற்றிவந்து தொடங்கிய இடத்திலேயே கோடு முடிந்துவிடும்: கோடு ஒன்றே ஒன்று. அடுத்து மூன்றுக்கு மூன்று புள்ளி வைத்து அதே விதிப்படி வரைந்தால், கோடு பாதியிலேயே மூடிக்கொள்ளும். மிச்சமுள்ள இடத்தில் வேறு நிறச் சாக்பீஸால் மற்றொன்றைத் தொடங்கவேண்டியிருக்கும். முடிவில் மூன்று தனித்தனிக் கோடுகள் இருக்கும். இரண்டுக்கு நான்கு வைத்தால் இரண்டு கோடு, மூன்றுக்கு ஐந்து வைத்தால் ஒன்று, நான்குக்கு ஆறு வைத்தால் இரண்டு, மூன்றுக்கு ஆறு வைத்தால் மூன்று.

வகுப்பை நால்வர் ஐவர் கொண்ட குழுக்களாகப் பிரித்து, குழுவுக்கு இரண்டு அளவுகள் கொடுத்து, கிடைத்த கோட்டு எண்ணிக்கையைக் கரும்பலகையில் ஓர் அட்டவணையாக எழுதச்செய்தால், மாணவர்களே அதில் உள்ள ஒழுங்கைத் தேடத் தொடங்குவார்கள். கோட்டு எண்ணிக்கை இரண்டு பக்கப் புள்ளி எண்களின் மீப்பெரு பொதுக் காரணிதான் என்பதை ஆசிரியர் சொல்லாமல் இருப்பது இங்கே மிக முக்கியம். சிறிய எண்தான் விடை என்று சிலர் முதலில் ஊகிப்பார்கள். மூன்றுக்கு மூன்றும் இரண்டுக்கு நான்கும் மூன்றுக்கு ஆறும் அந்த ஊகத்துக்கு இடம்கொடுக்கும். மூன்றுக்கு நான்கு அதை உடைத்துவிடும். அந்த உடைவிலிருந்துதான் காரணி என்ற சொல் மாணவரின் வாயில் தேவையோடு வருகிறது. வகுப்பின் இறுதியில், ஐந்துக்கு ஏழு கோலத்தில் எத்தனை கோடு வரும் என்பதை வரைவதற்கு முன்பே சொல்லச்செய்து, பின் வரைந்து சரிபார்க்கவைத்தால் அதுவே மதிப்பீடாகவும் அமைந்துவிடுகிறது.

இதில் ஆசிரியர் கவனிக்கவேண்டியவை சில உண்டு. ஓரத்தில் ஒரு வளைவு தவறினாலோ நடுவில் ஒரு வெட்டு விடுபட்டாலோ எண்ணிக்கை மாறிவிடக்கூடும். எனவே வகுப்புக்கு எடுத்துச்செல்லும் ஒவ்வோர் அளவையும் ஆசிரியர் முன்கூட்டியே கட்டம் போட்ட நோட்டில் வரைந்துபார்த்திருக்கவேண்டும். மாணவர் வரைந்ததில் எண்ணிக்கை மாறினால் அதைப் பிழை என்று அழித்துவிடாமல், எந்த வெட்டு விடுபட்டது என்று தேடவைப்பது நல்லது, ஏனென்றால் கோலத்தை ஒற்றைக் கோட்டில் முடிப்பதற்காகச் சில இடங்களில் கோடுகளை வெட்டவிடாமல் விலக்கி வளைக்கும் உத்தியைக் கோலத்தில் தேர்ந்தவர்கள் தெரிந்தே கையாள்கிறார்கள். வீட்டில் கோலம் போடுபவரிடம் இந்த நுட்பத்தைக் கேட்டுவருமாறு சொல்வது, பாடநூலுக்கு வெளியே உள்ள அறிவைப் பள்ளி மதிக்கிறது என்பதைக் குடும்பத்துக்கும் உணர்த்தும்.

இடைப்புள்ளிக் கோலம் மேல்வகுப்புகளுக்கு உதவும். ‘இடைப்புள்ளி ஏழு, நான்கு வரை’ என்றால் நடு வரிசையில் ஏழு புள்ளியும், அதன் இருபுறமும் ஆறு, ஐந்து, நான்கு எனக் குறைந்துசெல்லும் வரிசைகளும் என்று பொருள். மொத்தம் 37 புள்ளி. மூன்று, இரண்டு வரை என்றால் 7. ஐந்து, மூன்று வரை என்றால் 19. ஒன்பது, ஐந்து வரை என்றால் 61. ஒற்றைப் புள்ளியிலிருந்து தொடங்கி 1, 7, 19, 37, 61 என்று எழுதி, அடுத்தடுத்த எண்களின் வேறுபாட்டைக் காணச்சொன்னால் 6, 12, 18, 24 என்று ஆறின் மடங்குகள் வரிசையாக வெளிப்படும். ஏன் ஆறு என்ற கேள்விக்கு விடை கோலத்தின் வடிவத்திலேயே இருக்கிறது: ஒவ்வொரு முறையும் ஆறு பக்கம் கொண்ட ஒரு வளையம் வெளியே கூடுகிறது. எண் தொடர்களைச் சூத்திரமாகவே சந்தித்துவந்த ஒன்பதாம், பத்தாம் வகுப்பு மாணவருக்கு, சூத்திரம் எங்கிருந்து வருகிறது என்பது இங்கே கண்முன் நிற்கிறது.

தாளமும் மடங்கும்

மீச்சிறு பொது மடங்கைக் காதால் கேட்கலாம். வகுப்பை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியினர் ‘தகிட’ என்று மூன்று அட்சரமும் மறு பகுதியினர் ‘தகதிமி’ என்று நான்கு அட்சரமும் ஒரே வேகத்தில் சொல்லி, ஒவ்வொரு சொற்கட்டின் முதல் எழுத்திலும் கைதட்டவேண்டும். அட்சரம் என்பது இங்கே ஒரு சீரான எண்ணிக்கை அளவு, சொற்கட்டு என்பது தாளவாத்தியக் கலைஞர்கள் வாயால் சொல்லிப் பழகும் ஒலித்தொகுதி. இரு பகுதியினரின் கைத்தட்டலும் தொடக்கத்தில் சேர்ந்து ஒலித்து, பிறகு பிரிந்து, பன்னிரண்டு அட்சரம் கழிந்ததும் மீண்டும் சேரும். மூன்றையும் நான்கையும் பெருக்கினால் பன்னிரண்டு என்று மாணவர்கள் உடனே சொல்லிவிடுவார்கள். அடுத்து நான்கையும் ஆறையும் எடுத்துக்கொள்ளவேண்டும். ஆறுக்குத் ‘தகிடதகிட’ என்று சொல்லி முதல் எழுத்தில் மட்டும் தட்டினால் போதும். பெருக்கற்பலன் 24-இல் சேரும் என்று எதிர்பார்த்திருக்கும் வகுப்புக்கு, 12-இலேயே கைகள் சேர்ந்து ஒலிப்பது கேட்கும். பெருக்கற்பலனும் மீச்சிறு பொது மடங்கும் எப்போது ஒன்றாகும், எப்போது வேறாகும் என்ற விவாதத்தை அந்த ஒலியே தொடங்கிவைக்கிறது.

வேகம் கூடிக்கொண்டே போவது இச்செயலில் வழக்கமாக நேரும் சிக்கல். ஒரு மாணவரை மேசையில் சீராகத் தட்டவைத்து, மற்றவர்கள் அதைப் பின்பற்றுமாறு செய்தால் அது கட்டுப்படும். செவித்திறன் குறைந்த மாணவர் வகுப்பில் இருந்தால், தட்டப்படும் மேசையின் மேல் அவர் உள்ளங்கையை வைத்து அதிர்வை உணரச்செய்யலாம். பார்வைத்திறன் குறைந்தவர்களுக்கு மேலே சொன்ன கோலத்தை அட்டையில் நூல் ஒட்டித் தொட்டறியுமாறு அமைக்கலாம்.

நிழல் கூத்து

ஆட்டுத்தோலைப் பதப்படுத்தி, வெட்டி, துளையிட்டு, சாயமேற்றி உருவங்கள் செய்து, விளக்கொளியில் திரைக்குப் பின்னிருந்து ஆட்டுவது தோற்பாவைக் கூத்து. தமிழ்நாட்டில் இதைத் தலைமுறையாக நிகழ்த்திவந்தவர்களில் மராத்தியைத் தாய்மொழியாகக் கொண்ட குடும்பங்கள் முதன்மையானவை. ஒளியைப் பற்றிய அலகுக்கு இதைவிடப் பொருத்தமான கலைவடிவம் இல்லை. வெள்ளை வேட்டி ஒன்றைக் கதவு நிலையில் கட்டி, பின்னால் செல்பேசியின் விளக்கை வைத்தால் அரங்கு தயாராகிவிடும். சார்ட் அட்டையில் வெட்டிய உருவம் கறுத்த நிழலையும், எண்ணெய் தடவி வண்ணமிட்ட தாளில் வெட்டிய உருவம் வண்ண நிழலையும் தருவதைக் காணும் மாணவர், ஒளி ஊடுருவாப் பொருளையும் பகுதி ஊடுருவும் பொருளையும் வேறுபடுத்தப் பாடநூலின் பட்டியலை மனப்பாடம் செய்யத் தேவையில்லை.

விளக்கைத் திரையிலிருந்து 150 செ.மீ. தொலைவில் நிலையாக வைத்து, 10 செ.மீ. உயரமுள்ள பாவையை விளக்கிலிருந்து 100 செ.மீ. தொலைவில் பிடித்தால் நிழல் 15 செ.மீ., 75 செ.மீ.யில் பிடித்தால் 20 செ.மீ., 50 செ.மீ.யில் பிடித்தால் 30 செ.மீ. உயரம் இருக்கும். அரக்கன் பெரிதாகிக்கொண்டே வரவேண்டும் என்று கதை கேட்கும்போது பாவையை எந்தப் பக்கம் நகர்த்துவது என்பதை மாணவர் தாமே கண்டுபிடிக்கிறார். அளந்து எழுதினால் எதிர்மாறலும் வடிவொத்த முக்கோணமும் அதிலிருந்து வந்துவிடுகின்றன. செல்பேசி விளக்குக்குப் பதிலாக அகலமான ஒளிமூலத்தை வைத்தால் நிழலின் விளிம்பு மங்கும். அந்த மங்கலே புறநிழல், நடுவில் உள்ள அடர்ந்த பகுதி கருநிழல். கிரகணப் பாடத்தை இங்கிருந்தே தொடங்கிவிடலாம்.

கட்டியங்காரன் கேட்கும் கேள்வி

வரலாற்றுப் பாடத்தில் நாடகம் என்றால் அரசர் வேடமிட்டவர் நீண்ட வசனம் பேச, மற்றவர்கள் வேடிக்கை பார்ப்பது என்றாகிவிடுகிறது. தெருக்கூத்தில் இதற்கு ஒரு நல்ல மாற்று உண்டு. கூத்தில் வரும் கட்டியங்காரன், கதைக்குள்ளும் இருப்பான், பார்வையாளர் பக்கத்திலும் நிற்பான்; வேடதாரியை அறிமுகப்படுத்துவான், இடைமறிப்பான், பார்வையாளர் கேட்க நினைப்பதைக் கேட்பான். வரலாற்று வகுப்புக்கு வேண்டியது இந்த இடைமறிக்கும் உரிமைதான்.

உத்திரமேரூர்க் கல்வெட்டை எடுத்துக்கொள்ளலாம். முதலாம் பராந்தகச் சோழனின் காலத்தில், கி.பி. 921 அளவில் பொறிக்கப்பட்ட அக்கல்வெட்டு, ஊர்ச்சபையின் வாரியங்களுக்குக் குடவோலை முறையில் உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்கும் விதிகளைச் சொல்கிறது. ஊர் முப்பது குடும்புகளாக, அதாவது தொகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. 35 வயதுக்குக் குறையாமலும் 70 வயதுக்கு மிகாமலும் இருந்து, கால்வேலிக்கு மேல் நிலமும் சொந்த மனையில் வீடும் உடையவர்களின் பெயர்களை ஓலைகளில் எழுதிக் குடத்திலிட்டு, சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுக்கச்செய்தனர். முந்தைய மூன்றாண்டுகளுக்குள் வாரியத்தில் இருந்தவர்களும், பொறுப்பிலிருந்து கணக்குக் காட்டாதவர்களும், அவர்களின் உறவினர்களும் விலக்கப்பட்டனர். தேர்வானவர்களில் பன்னிருவர் ஆட்டை வாரியத்துக்கும் பன்னிருவர் தோட்ட வாரியத்துக்கும் அறுவர் ஏரி வாரியத்துக்கும் சென்றனர்.

வகுப்பில் ஒவ்வொரு மாணவருக்கும் ஓர் அட்டை கொடுக்கப்படுகிறது. 40 வயது, அரைவேலி நிலம் என்று ஓர் அட்டையில் இருக்கும். 52 வயது, ஏரி வாரியத்தில் இருந்தபோது கணக்குக் காட்டவில்லை என்று ஒன்றில். அவருடைய மருமகன் என்று ஒன்றில். நிலம் இல்லாத உழவர், பானை வனைபவர், பெண், வணிகர் என்று பலவற்றில். பாடநூலில் உள்ள விதிகளைப் படித்து, தம் பெயர் ஓலையில் எழுதப்படுமா இல்லையா என்பதை ஒவ்வொருவரும் தாமே முடிவுசெய்து, எழுதப்படும் என்று கருதுவோர் மட்டும் குடத்தருகே வரவேண்டும். அப்போது வகுப்பில் எத்தனை பேர் அமர்ந்தே இருக்கிறார்கள் என்பது கண்ணுக்குத் தெரியும். கட்டியங்காரனாக நிற்கும் மாணவர் அமர்ந்திருப்பவர்களிடம் சென்று, குடத்துக்குப் போகாத காரணத்தைக் கேட்கிறார். குடத்தருகே நிற்பவர்களிடம், கணக்குக் காட்டாதவரின் உறவினரையும் விலக்குவது நியாயமா என்று கேட்கிறார். விடைகளுக்கு வசனம் எழுதித்தரப்படுவதில்லை, அட்டையில் உள்ள செய்தியை வைத்து மாணவரே பேசவேண்டும். அந்த ஊர் பிராமணர்களுக்கு அளிக்கப்பட்ட ஊர் என்பதையும், வேதப் பயிற்சியும் ஒரு தகுதியாக இருந்தது என்பதையும் ஆசிரியர் இந்தக் கட்டத்தில் சேர்த்துச் சொல்லவேண்டும். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே பொறுப்பேற்றவர் கணக்குக் காட்டவேண்டும் என்று ஓர் ஊர் விதித்திருந்ததன் பெருமையும், அந்தச் சபையின் கதவு மிகச் சிலருக்கே திறந்திருந்தது என்ற உண்மையும் ஒரே பாடவேளையில் மாணவரிடம் சேர்கின்றன. பெருமையை மட்டும் கற்பிக்கும் பாடத்தைவிட இது மாணவரை முதிர்ந்தவராக நடத்துகிறது.

தமிழ்ப் பாடத்துக்கு இவ்வளவு தேடவேண்டியதில்லை, ஏனெனில் தொல்காப்பியம் திணைகளுக்குரிய கருப்பொருள்களைச் சொல்லும்போது உணவு, விலங்கு, மரம், பறவை ஆகியவற்றோடு பறையையும் யாழையும் சேர்த்தே சொல்கிறது; நிலத்துக்கு ஓர் ஒலி உண்டு என்பது இலக்கணத்திலேயே இருக்கிறது. ஐந்து குழுக்கள், வாத்தியம் எதுவும் இல்லாமல் கையாலும் வாயாலும் மேசையாலும் ஐந்து நிலங்களின் ஒலிச்சூழலை ஒரு நிமிடத்துக்கு உருவாக்க, மற்றவர்கள் கண்ணை மூடிக் கேட்டு எந்தத் திணை என்று காரணத்தோடு சொல்வது, கருப்பொருள் அட்டவணையை ஒப்பிப்பதைவிட நெடுநாள் நிற்கும்.

பிறப்பைக் கொண்டு வேலை பிரிக்காமை

கலையை வகுப்புக்குள் கொண்டுவரும்போது ஊரின் வழக்கங்களும் அதனோடு உள்ளே வந்துவிடுகின்றன. கோலம் என்றதும் மாணவிகளை முன்னே அழைப்பதும், மேளம் என்றதும் குறிப்பிட்ட தெருவிலிருந்து வரும் மாணவரைத் திரும்பிப் பார்ப்பதும் ஆசிரியர் அறியாமலே நடக்கக்கூடியவை. பறை நெடுங்காலம் ஒரு சாதியினர்மீது இழிதொழிலாகச் சுமத்தப்பட்டிருந்தது. அதைக் கம்பீரமான கலையாக மீட்டெடுக்கும் முயற்சிகள் கடந்த சில பத்தாண்டுகளாக வலுப்பெற்று, இன்று ஆண்களும் பெண்களும் பொதுமேடைகளில் பறையிசைக்கிறார்கள். இந்நிலையில், உன் அப்பாவுக்குத்தான் அடிக்கத் தெரியுமே என்று ஆசிரியர் அன்போடு சொல்லும் ஒரு வாக்கியம்கூட அம்மாணவரை வகுப்பின் முன் குறுகவைத்துவிடும். விதி தெளிவாக இருக்கவேண்டும்: எல்லோரும் எல்லாவற்றையும் செய்வார்கள், குழுக்கள் சீட்டுக் குலுக்கிப் பிரிக்கப்படும், மாணவரும் கோலம் போடுவார்கள், மாணவியரும் தாளம் தட்டுவார்கள், கோலத்தை வாசல் வழக்கமாகக் கருதாத குடும்பத்துப் பிள்ளைகளுக்கு அது தாளில் வரையும் கோட்டு வடிவம்.

ஊரில் உள்ள கூத்துக் கலைஞரையோ பாவைக் கலைஞரையோ பள்ளிக்கு அழைக்கும்போது, அவரை நிகழ்ச்சி நடத்தவைத்துப் பொன்னாடை போர்த்தி அனுப்பிவிடுவது போதாது. அன்றைய பாடக்கருத்து எது என்பதை முன்கூட்டியே அவரிடம் பேசி, மாணவர்கள் கேட்கவிருக்கும் கேள்விகளையும் சொல்லி, அவருடைய ஒரு நாள் உழைப்புக்கு உரிய ஊதியத்தைப் பள்ளி மேலாண்மைக் குழுவின் வழியாக ஏற்பாடு செய்யவேண்டும். கலைஞர் வகுப்பில் இரண்டாவது ஆசிரியராக நிற்கிறார் என்பதை மாணவர்கள் காணும் வழி இதுவே.

நேரமும் சத்தமும் மதிப்பெண்ணும்

பாடப்பகுதியை முடிக்க நேரம் போதாது என்ற கவலை நியாயமானது. கோலச் செயல் முழு வடிவில் இரண்டு பாடவேளை எடுக்கும். தாளச் செயலுக்குப் பதினைந்து நிமிடம் போதும். இரண்டு பாடவேளையில் மாணவர் தாமே கண்டடைந்த கருத்தைப் பிறகு திரும்ப நடத்தவேண்டிய தேவை குறைகிறது என்பதால், பருவத்தின் கணக்கில் இழப்பு சிறிதே. சத்தத்தைப் பொறுத்தவரை, தலைமையாசிரியரிடமும் பக்கத்து வகுப்பு ஆசிரியரிடமும் முன்பே சொல்லிவிடுவதும், முடிந்தால் மரத்தடிக்கோ வராந்தாவுக்கோ செல்வதும், கை உயர்த்தினால் அமைதி என்ற ஒரே சைகையை முதல் நாளே பழக்குவதும் போதுமானவை.

மதிப்பீட்டில்தான் பெரும்பாலான முயற்சிகள் திசைமாறுகின்றன. ஒன்று முதல் எட்டு வரையான வகுப்புகளுக்கு 2012-13 முதல் நடைமுறைக்கு வந்த தொடர் மற்றும் முழுமையான மதிப்பீட்டில், கற்கும்போதே நடைபெறும் வளரறி மதிப்பீட்டுக்கு 40 மதிப்பெண்ணும் பருவ இறுதியில் நடைபெறும் தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60 மதிப்பெண்ணும் ஒதுக்கப்பட்டன; செயல்பாடுகளுக்கு இதில் இடம் உண்டு. அந்த இடத்தை அழகான சார்ட் அட்டைக்கு மதிப்பெண் தருவதற்குப் பயன்படுத்தினால், வரையத் தெரிந்தவரும் வீட்டில் உதவி கிடைத்தவரும் ஸ்கெட்ச் பேனா வாங்க வசதியுள்ளவரும் மதிப்பெண் பெறுவார்கள். மதிப்பிடவேண்டியது விளக்கத்தை. கோலம் கோணலாக இருந்தாலும், ஐந்துக்குப் பத்தில் ஐந்து கோடு வரும் என்று சொல்லி அதற்குக் காரணமும் கூறும் மாணவர் முழு மதிப்பெண்ணுக்கு உரியவர். நிழல் கூத்தில் பாவை கிழிந்திருக்கலாம். அரக்கனைப் பெரிதாக்க ஏன் விளக்கின் பக்கம் நகர்த்தினாய் என்ற கேள்விக்கு வரும் விடையில்தான் பாடம் இருக்கிறது. கூச்சத்தால் முன்வந்து பேசாதவர்களுக்கு, கட்டியங்காரன் கேட்டிருக்கவேண்டிய ஒரு கேள்வியை எழுதித்தருமாறு சொல்லலாம். நல்ல கேள்விகள் பலமுறை அவர்களிடமிருந்தே வருகின்றன.

முதன்முறையாக இவ்வழியில் இறங்கும் ஆசிரியர், ஒரு பருவத்துக்கு ஒரு பாடத்தில் ஓர் அலகை மட்டும் எடுத்துக்கொள்வது நல்லது. தாளச் செயலுக்குப் பொருள் எதுவும் தேவையில்லை, நேரமும் குறைவு என்பதால் தொடக்கத்துக்கு அது ஏற்றது. பாடக்குறிப்பேட்டில் செயலின் பெயரோடு, அது உண்மையில் எடுத்துக்கொண்ட நிமிடங்கள், மாணவர்கள் முதலில் செய்த தவறான ஊகம், பங்கேற்காமல் ஒதுங்கியவர்கள் ஆகியவற்றையும் அன்றே எழுதிவைக்கவேண்டும். குறுவள மையக் கூட்டத்தில் இரண்டு பள்ளிகளின் ஆசிரியர்கள் இக்குறிப்புகளை மாற்றிக்கொண்டு, ஒருவர் செய்த செயலை மற்றவர் தம் வகுப்பில் செய்துபார்த்தால், அடுத்த பருவத்துக்குள் ஒவ்வொருவர் கையிலும் சரிபார்க்கப்பட்ட இரண்டு செயல்கள் இருக்கும்.